எட்டாவது நிமிடத்தில் வந்த இடி

கேள்வி: டீச்சர், எனக்கு வயது 46. குலசேகரம் பக்கம் ஒரு பள்ளியில் வேலை. வீட்டுக்காரர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். அதிகாலை மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவார். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் படிக்கிறார்கள். கல்யாணமாகி 22 வருடத்தில் இப்போதுதான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் சும்மா உட்கார நேரம் கிடைத்திருக்கிறது. டிவி வேண்டாம், நல்ல இசை கேட்போம் என்று போனில் 'ரொமான்டிக் கிளாசிக்கல்' என்று தேடினேன். 'மூன்லைட்' என்று ஒன்று வந்தது, போட்டேன். ஆரம்பம் அருமை. அவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அதே பியானோ பேய் பிடித்ததுபோல் அடிக்க ஆரம்பித்தது. பதறி எழுந்தவர், "இதுக்கு டிவியே பரவாயில்ல" என்று சொல்லிவிட்டார். போதாக்குறைக்கு உள்ளறையிலிருந்து மாமியார், "ஆரு மக்களே செத்தது?" என்று கேட்டார். இசை தெரியாத எங்களைப் போன்றவர்கள் எதைக் கேட்பது? கர்நாடக சங்கீதமே போதுமா? ஸ்பீக்கர் வாங்க வேண்டுமா? இதைக் கேட்டால் அவருடைய பிரஷர் குறையும் என்கிறார்களே, உண்மையா?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள். முப்பது வருடமாக நாகர்கோவிலில் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். காலையில் வருகிற பிள்ளைகளுக்குக் கர்நாடக வர்ணம், சாயங்காலம் சர்ச் பாடகர் குழுவுக்கு மேற்கத்திய வாசிப்பு. இரண்டு பக்கமும் கால் வைத்திருப்பதால் இந்த மாதிரிப் புகார்கள் நிறைய வரும். உங்கள் வீட்டில் நடந்தது என்ன என்று கடிதத்தின் பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

நீங்கள் போட்டது பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டா, முழுசாக. அதில் மூன்று பகுதிகள் உண்டு. முதல் பகுதி கிட்டத்தட்ட ஆறு நிமிடம், மெதுவாக, ஒரே அலைபோல வந்துகொண்டே இருக்கும். இரண்டாவது இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட, அது ஒரு சின்ன நடை. மூன்றாவது பகுதிக்குப் பீத்தோவன் எழுதிவைத்த குறிப்பு 'பிரெஸ்டோ அஜிதாத்தோ'. மிக வேகமாக, கொந்தளிப்போடு வாசி என்று அர்த்தம். ஆக, எட்டாவது நிமிட வாக்கில் உங்கள் வீட்டுக்காரர் தலையில் இடி விழுந்திருக்கும். தப்பு அவர்மேலும் இல்லை, உங்கள்மேலும் இல்லை. 1801இல் எழுதிய அந்த மனிதர்மேலும் இல்லை, ஏனென்றால் அவர் அதற்கு நிலா என்று பெயர் வைக்கவே இல்லை. 'கற்பனைபோல ஒரு சொனாட்டா' என்றுதான் வைத்தார். ரெல்ஷ்டாப் என்ற ஜெர்மன் விமர்சகர், முதல் பகுதியைக் கேட்டால் ஏரிமேல் நிலவு அடிப்பதுபோல இருக்கிறது என்று எழுத, அந்தப் பெயர் பீத்தோவன் இறந்த பிறகு ஒட்டிக்கொண்டது. நிலவு முதல் ஆறு நிமிடத்துக்கு மட்டும்தான். போர்டில் அதைப் போடாமல் விட்டுவிட்டார்கள்.

'ரொமான்டிக்' என்ற சொல்லிலும் இதே வில்லங்கம்தான். அந்த ஊர் இசையில் அது ஒரு காலத்தின் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க ஐரோப்பாவில் இருந்த ஒரு போக்கு. ஒழுங்கைவிட உணர்ச்சிதான் பெரிது என்று நினைத்தவர்கள் அவர்கள். உணர்ச்சி என்றால் காதல் மட்டுமா? கோபம், சாவு, புயல், பேய்க்கதை எல்லாமும்தான். அதனால் 'ரொமான்டிக்' என்று தேடினால் பாதிக்குப் பாதி இடிமுழக்கம் வரும். மெழுகுவத்தியும் ரோஜாவும் படம் போட்டு வைத்திருப்பார்கள், நம்பிவிடாதீர்கள்.

அந்தக் காலம் நமக்கு ஏதோ தூரத்துச் சமாசாரம் என்றும் நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து இசையமைப்பாளர் சோப்பின் பிறந்தது 1810. இன்னொருவர் ஷூமான், அவரும் அதே 1810. நம் பத்மநாபபுரம் அரண்மனையை ஆண்ட வம்சத்தில் சுவாதித் திருநாள் பிறந்தது 1813. அவர் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்து விரகத்தில் தவிக்கும் பெண்ணின் வாயில் சுருட்டி ராகத்தில் 'அலர்சர பரிதாபம்' பதத்தை வைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான், பாரிசில் சோப்பின் ராத்திரிப் பாட்டுகள் எழுதிக்கொண்டிருந்தார். சுவாதித் திருநாள் 33 வயதில் போய்விட்டார், சோப்பின் 39 வயதில். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் சுவாதித் திருநாள் அரசவையில் வடிவேலு வயலின் வாசித்தார், ராஜா அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்று கொடுத்தார். ஐரோப்பாவிலிருந்து வந்த அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டுதான் நான் இன்றைக்கும் சோறு தின்கிறேன்.

சரி, உங்கள் ராத்திரிக்கு வருவோம்.

எந்த இசையமைப்பாளர் என்று பார்ப்பதைவிட எந்தப் பகுதி என்று பாருங்கள். நான் எல்லோரிடமும் சொல்வது இது ஒன்றுதான். கான்செர்ட்டோ (ஒரு வாத்தியம் முன்னால் வாசிக்க, வாத்தியக் குழு கூடச் சேர்வது) என்று போட்டிருந்தால் பெரும்பாலும் மூன்று பகுதி இருக்கும்: வேகம், மெதுவு, வேகம். உங்களுக்கு வேண்டியது நடுவில் இருப்பது. பெயருக்குப் பக்கத்தில் அடாஜியோ, லார்கோ, லென்டோ என்றிருந்தால் நம்முடைய விளம்ப காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆந்தான்தே என்றால் நடக்கிற வேகம், பாதகமில்லை. அலெக்ரோ, பிரெஸ்டோ என்று கண்டால் பகலில் கேட்டுக்கொள்ளலாம். மோட்சார்ட்டின் 21ஆவது பியானோ கான்செர்ட்டோவில் நடுப்பகுதியை மட்டும் எடுத்துப் போட்டுப் பாருங்கள். மோட்சார்ட் ரொமான்டிக் காலத்துக்கு முந்தினவர், 1785இல் எழுதியது. ஆனால் நீங்கள் தேடுகிற அமைதியும் காதலும் அதில் இருக்கிற அளவுக்கு 'ரொமான்டிக்' என்று பெயர் ஒட்டிய பல பாட்டுகளில் கிடையாது.

மெதுவான பகுதியிலும் ஒரு விதிவிலக்கு உண்டு, சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. ஹைடனின் 94ஆவது சிம்பொனியில் இரண்டாம் பகுதி பூனை நடப்பதுபோல ஆரம்பிக்கும். அதில் வேண்டுமென்றே ஒரு இடத்தில் வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே அடி. 1792இல் லண்டன்காரர்களுக்குக் கொடுத்த அதிர்ச்சி. உங்கள் வீட்டில் இன்னொரு தடவை அது நடந்தால் டிவி நிரந்தரமாகிவிடும். ஹைடனை விட்டுவிடுங்கள்.

சத்தத்தைப் பற்றி இன்னும் ஒன்று. சினிமாப் பாட்டு முதலிலிருந்து கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவு சத்தத்தில் இருக்கும்படி பதிவு செய்வார்கள், பஸ்ஸில் போட்டாலும் கேட்க வேண்டுமே. இந்த இசை அப்படி இல்லை. கொசு பறப்பதுபோல ஆரம்பித்துக் கோயில் மணியளவுக்கு ஏறும். ஆரம்பத்தில் கேட்கவில்லை என்று நாம் சத்தத்தைக் கூட்டிவைப்போம், பிறகு அது உயரும்போது நம்மையே அடிக்கும். அதனால் பகலில் ஒரு தடவை ஓடவிட்டு, சத்தம் அதிகமான இடத்தில் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து அங்கே நிறுத்திவையுங்கள். ராத்திரி அதைத் தொடவேண்டாம். மெல்லிய இடங்கள் காதில் விழாவிட்டால் விழாமல் போகட்டும். அந்த நேரத்தில் தவளைச் சத்தம் கேட்கும், அதுவும் நல்லதுதான். விளம்பரம் வராத வழியில் கேளுங்கள், ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். சோப்பினுக்கு நடுவில் சிமென்ட் விளம்பரம் வந்தால் பீத்தோவனே தேவலை.

இப்போது ஒரே ஒரு பாட்டை உங்களோடு உட்கார்ந்து கேட்பதுபோலச் சொல்கிறேன். சோப்பினின் நாக்டர்ன், ஓபஸ் 9, எண் 2. நாக்டர்ன் என்றால் இரவுப் பாட்டு. ஜான் ஃபீல்ட் என்ற அயர்லாந்துக்காரர் தொடங்கிவைத்த வகை, சோப்பின் அதில் 21 எழுதினார். இது நாலரை நிமிடம்.

முதலில் இடது கையை மட்டும் கவனியுங்கள். அடியில் ஒரு கனத்த சுரம், அதற்குமேல் இரண்டு மெல்லிய கூட்டுச் சுரங்கள். மறுபடி அடியில் ஒன்று, மேலே இரண்டு. பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டியிருப்பீர்களே, ஒரு தள்ளு, அது தானே போய்வருகிற நேரம், மறுபடி ஒரு தள்ளு, அதே கணக்கு. முடியும் தறுவாய்வரை இந்தக் கை இதை விடாது. மேலே வலது கை ஒரு வரியைப் பாடும். இரண்டாம் தடவை அதே வரி வரும்போது சின்னச் சின்னப் பிடிகள் கூடியிருக்கும். மூன்றாம் தடவை இன்னும் கொஞ்சம். நம் ஊர் பாடகர் பல்லவியின் ஒரே வரிக்கு சங்கதி மேல் சங்கதி போடுவாரே, அதேதான். இதைச் சொன்னதும் என்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்கு சோப்பின் பயம் போய்விடும். கடைசி அரை நிமிடத்தில் குரல் ஒருமுறை உயர்ந்து, ஒரு சின்னச் சுழல் சுழன்று, இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்கு அடங்கி முடியும். அந்த உயர்கிற இடத்தை வைத்துத்தான் நீங்கள் சத்தத்தை அளக்க வேண்டும்.

ஒரு வாரம் இதை மட்டும் கேளுங்கள். புதுசு புதுசாகத் தேடிக்கொண்டே இருந்தால் மனசு ஓயாது, அடுத்து என்ன வரும் என்று காத்துக்கொண்டே இருக்கும். தெரிந்த பாட்டில்தான் உடம்பு சாயும். முப்பது பாட்டுப் பட்டியலைவிட ஆறு பாட்டு போதும் என்று நான் சொன்னால் கஞ்சத்தனம் என்கிறார்கள். இருக்கட்டும்.

மாமியார் கேட்டாரே, அது விளையாட்டுக் கேள்வி இல்லை. அவருக்கு நல்ல காது. மூன்லைட் முதல் பகுதி மைனர் ஸ்கேலில் அமைந்தது, நம் கணக்கில் நடபைரவி, கீரவாணி பக்கம். மெதுவும் மைனரும் சேர்ந்தால் நம் ஊர்க் காதுக்குத் துக்க வீடுதான். அடக்க ஆராதனைக்கு பேண்டு வாசித்துப் போகிறதை வாழ்நாளெல்லாம் கேட்டவர் வேறு எப்படிச் சொல்வார்? சோப்பினே இழவு நடை ஒன்று எழுதியிருக்கிறார், அவருடைய இரண்டாவது சொனாட்டாவில். அவர் பெயரைப் பார்த்ததும் எல்லாம் தாலாட்டு என்று போட்டுவிடக்கூடாது. மாமிக்காக மேஜர் ஸ்கேலில் உள்ளதாக எடுங்கள். மேஜர் என்றால் ஏறக்குறைய சங்கராபரணம். மேலே சொன்ன நாக்டர்ன் மேஜர். ஷூமானின் 'ட்ராய்மெரை' மேஜர், இரண்டரை மூன்று நிமிடம்தான். 1838இல், ஷூமான் தன் காதலி கிளாராவைக் கட்டிக்கொள்ள, கிளாராவின் அப்பா விடாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலத்தில் எழுதியது. பின்னால் கோர்ட்டுக்குப் போய்த்தான் 1840இல் கல்யாணம் நடந்தது. அந்தச் சண்டையின் சுவடே பாட்டில் இல்லை. செல்லோவில் சான்-சான்ஸின் 'அன்னம்' மேஜர். பாக்கின் 'ஏர்' மேஜர். எல்கரின் 'சலூ தாமூர்' மேஜர். அது அவர் 1888இல் நிச்சயதார்த்தத்துக்காகத் தன் ஆலிசுக்குக் கொடுத்த பரிசு. நகை வாங்கப் பணமில்லாதவர் பாட்டு எழுதிக் கொடுத்தார் என்று என் வகுப்புப் பையன்கள் கேலி செய்வார்கள். டெபுசியின் 'கிளேர் டி லூன்' கேளுங்கள், இது உண்மையாகவே நிலவொளி என்று அவரே பெயர் வைத்தது. நடுவில் கொஞ்சம் அலையடிக்கும், ஆனால் ஆளை எழுப்பாது.

சர்ச்சில் நான்கு குரலில் பாடுவதைக் கேட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. சோப்ரானோ, ஆல்டோ, டெனார், பேஸ் என்று பிரித்துப் பாடுவதை இங்கே பெயின்ட் அடிக்கிறவரும் கொத்தனாரும் சாதாரணமாகச் செய்கிறார்கள். கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் மார்கழியில் அது தெருவழியாக வந்து காதில் விழுந்திருக்கும். 'எங்களுக்கு இசை தெரியாது' என்று எழுதியிருக்கிறீர்கள். காதுக்குத் தெரியும், பெயர்தான் தெரியாது.

கர்நாடக சங்கீதமே போதுமா என்றால், போதும், தாராளமாக. ஆனால் கச்சேரிப் பதிவை முழுசாகப் போட்டால் தனி ஆவர்த்தனத்தில் மூன்லைட் கதைதான். மிருதங்கம் சேராத ஆலாபனையாக எடுங்கள். வீணையோ புல்லாங்குழலோ நல்லது. கோயிலில் பள்ளியறைக்கு நாதஸ்வரத்தில் நீலாம்பரி வாசிக்கிற வழக்கம் சும்மா வந்ததில்லை. ஆனந்தபைரவி, சகானா, யதுகுலகாம்போதி எல்லாம் இதே வேலையைச் செய்யும். அப்புறம் உங்கள் பக்கத்தில் மலையாளமும் புழங்குமே, மாமியிடம் 'ஓமனத்திங்கள் கிடாவோ' பாடச் சொல்லுங்கள். சுவாதித் திருநாள் குழந்தையாகப் பிறந்தபோது அவரைத் தூங்கவைக்க இரயிம்மன் தம்பி எழுதிய தாலாட்டு. தாலாட்டு எழுதிய அதே தம்பிதான் 'பிராணநாதன்' என்று தொடங்கும் பதத்தையும் எழுதினார் என்பார்கள். அதன் அர்த்தத்தை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். கல்யாணமாகி 22 வருடமாகிறதே, கேட்கலாம்.

அந்த 22 வருடம் என்ற வரியைப் படித்ததும் எனக்கு போரோதின் ஞாபகம் வந்தார். ரஷ்யாக்காரர், பீட்டர்ஸ்பர்க்கில் ரசாயனப் பேராசிரியர். இசை அவருக்கு லீவு நாள் வேலை. 1861இல் ஹைடல்பெர்க்கில் எகத்தரீனா என்ற பியானோக்காரியைச் சந்தித்தார், கட்டிக்கொண்டார். இருபது வருடம் கழித்து, 1881இல், அவளுக்கென்று ஒரு நால்வர் இசை எழுதினார், இரண்டாவது ஸ்ட்ரிங் குவார்டெட். அதில் மூன்றாம் பகுதிக்கு 'நொத்துர்னோ' என்று பெயர், சுமார் எட்டு நிமிடம். முதலில் செல்லோ பாடும். போரோதின் வாசித்த வாத்தியம் அது. பிறகு அதே வரியை வயலின் எடுத்து மேலே பாடும். கொஞ்ச நேரம் போன பிறகு ஒருவர் முடிக்கும் முன்பே மற்றவர் ஆரம்பிப்பார், ஒரே பேச்சு, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து. ரொம்ப நாள் சேர்ந்து வாழ்ந்தவர்கள் அப்படித்தானே பேசுகிறோம்? "அந்த..." என்றால் "அலமாரி மேல" என்று பதில் வரும். இந்த நொத்துர்னோவைத் தூங்குகிற நேரத்துக்கு வைக்காதீர்கள், நடுவில் சில இடங்களில் கொஞ்சம் முறுக்கும். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்காரும்போது போடுங்கள். படுக்கப் போனபின் நாக்டர்னும் 'அன்ன'மும்.

பிரஷர் பற்றி: நான் வயலின் டீச்சர். மெதுவான இசையில் மூச்சு நிதானப்படும், தோள் தளரும், அதை நானே தினமும் பார்க்கிறேன். அதற்காக மாத்திரையை நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள். டாக்டர் சொன்னபடி அவர் மாத்திரை சாப்பிடட்டும், நீங்கள் பாட்டைப் போடுங்கள்.

ஸ்பீக்கருக்குப் பெரிய செலவு வேண்டாம். ஆனால் போனிலேயே கேட்காதீர்கள். அந்தச் சின்னத் துளையில் கனத்த சுரங்கள் வராது. நான் அவ்வளவு நீட்டிச் சொன்னேனே சோப்பினின் இடது கை, அது அடியோடு போய்விடும், செல்லோவும் அரைவாசி. சத்தம் கூட்ட எவர்சில்வர் டம்ளருக்குள் போனைப் போடுவதை எங்கள் வீட்டிலும் செய்துபார்த்திருக்கிறோம், வயலின் தகரம் கீறுவதுபோலக் கேட்டது. சாதாரண புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று போதும். தலைமாட்டில் வைக்காமல் ஏழெட்டு அடி தள்ளி, ஒரு மர மேசைமேல் வையுங்கள். இடவப்பாதி மழை ஷீட் கூரைமேல் கொட்டுகிற ராத்திரியில் மட்டும் எதையும் போடவேண்டாம். அதோடு போட்டிபோடப் போனால் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். அதையே கேட்டுக்கொண்டு படுங்கள்.

எதைக் கேட்டாலும் எட்டரை மணிக்குள் ஆரம்பித்து இருபது நிமிடத்தில் தானே நிற்கும்படி டைமர் வையுங்கள். மூன்று மணிக்கு எழுகிறவர் அவர், போரோதினுக்காக விழித்திருக்க வேண்டாம்.

மூன்லைட்டையும் அடியோடு ஒதுக்கவேண்டாம். முதல் பகுதி தனியாகவே கிடைக்கும், அதைப் பிடித்துவையுங்கள். மூன்றாம் பகுதியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் ஆனபிறகு, அவர் நன்றாக விழித்திருக்கும்போது சொல்லிவிட்டுப் போட்டுக்காட்டுங்கள். "அன்னைக்கு உங்கள எழுப்பினது இதுதான்" என்று. அது நிஜமாகவே அபாரமான வாசிப்பு. மாமி என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.